நாலு பேரும் வந்த கடைசி நாள்

கல்லூரி நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போட்ட ஒரு வரி இத்தனை நாளாக என்னை விடவில்லை. "அந்த மனுசன அந்த நெலமையில மேடை ஏத்தியிருக்கக் கூடாதுடா, பாக்கவே முடியல." பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னைத்தான் சொன்னான். 2025 ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் அந்தக் குழு கடைசியாக வாசித்ததை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் வேண்டாதவன் இல்லை. முதல் சபாத் கேசட்டை என் கையில் கொடுத்ததே அவன்தான். அவனுடைய கேள்வியிலும் நியாயம் இருந்தது. எழுந்து நிற்க முடியாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, குரல் உடைய உடையப் பாட வைத்து, அதை உலகம் முழுக்கக் காசு கட்டிப் பார்ப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? நான் பதில் போடவில்லை. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அன்று விடிகாலை எங்கள் வீட்டு ஹாலில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் ஏன் அவனோடு ஒத்துப்போகவில்லை என்பது புரியும்.

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது நூல் மில்களை வைத்துச் சொன்னது. நான் வளர்ந்த கணபதிப் பக்கத்தை வைத்துச் சொன்னால், இரும்புப் பட்டறைகளின் ஊரான பர்மிங்காம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு லேத்துப் பட்டறை, அதற்குப் பின்னால் மோட்டார் ஸ்டாம்பிங், அதாவது மோட்டாருக்கான தகடு, அடிக்கிற பவர் பிரஸ், தெருக் கோடியில் ஃபவுண்டரி. பிரஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்போம், பழக்கம் விடாது. அந்த வீட்டில் வைத்துத்தான் அந்தக் கேசட்டை முதலில் கேட்டேன். கிதார் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக இறங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கனம் புதிதாகவும் இல்லை. ஒரு வார்த்தை புரியாமலே அது எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து வருகிறது என்று பட்டது. அப்படிப் பட்டது சரிதான் என்பது பல வருஷம் கழித்து குழுவின் கிதார்காரர் டோனி அயோமியின் கதையைப் படித்தபோது தெரிந்தது.

சபாத் குழுவைத் தொடங்கிய நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். வில்லா பார்க் மைதானமும் ஆஸ்டனில்தான் இருக்கிறது. ஓஸியின் அப்பா இரவு ஷிப்ட் பார்த்த டூல்மேக்கர், அம்மா லூகாஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஓஸியும் கொஞ்ச நாள் அங்கே கார் ஹார்ன்களுக்கு டியூன் வைத்திருக்கிறார், பிறகு கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். அயோமி தகரப் பட்டறையில் இருந்தார். 17 வயதில், இசைக் குழுவோடு ஐரோப்பா போவதற்காக வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு ஆள் வராததால், பழக்கமில்லாத பிரஸ்ஸில் இவரை நிறுத்தினார்கள். பிரஸ் வலது கையில் இறங்கியது. கையை இழுத்த வேகத்தில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால், கிதாரில் கம்பியை அமுக்குவது அவருக்கு அந்த வலது கைதான்.

அப்புறம் நடந்ததைப் பட்டறைக்காரர்கள் யாரிடம் சொன்னாலும் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். நெருப்பில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, சால்டரிங் அயனால் குடைந்து, உப்புத்தாளில் தேய்த்து, விரல்நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார். கம்பி வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டி அதன் மேல் ஒட்டினார். கம்பி கனமாக இருந்தது. மெல்லிய கிதார் கம்பி கடையில் கிடைக்காத காலம், பாஞ்சோ கம்பியை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுலபம், சத்தமும் இன்னும் கனத்துப் போனது. உலகம் ஹெவி மெட்டல் என்று சொல்கிற சத்தத்துக்கு அந்த பிரஸ் விபத்தும் ஒரு காரணம்.

2017க்கும் 2025க்கும் நடுவில்

இவர்கள் எத்தனை தடவைதான் விடைபெறுவார்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. 2017 பிப்ரவரி 4ஆம் தேதி இதே பர்மிங்காமில் பிளாக் சபாத் ஒரு கடைசி நிகழ்ச்சி நடத்தியது உண்மைதான். அதில் டிரம்ஸ் வாசித்தது குழுவின் முதல் டிரம்மர் பில் வார்டு இல்லை. மறுபடி ஒன்று சேர்வது பற்றிய ஒப்பந்தத்தில் உடன்பாடு வராமல் 2012லேயே அவர் விலகிவிட்டார். 1970இல் முதல் ஆல்பம் வந்தபோது இருந்த நால்வரில் மூன்று பேர் மட்டும் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கிய மேடை அது. நம் ஊரில் குலதெய்வம் கோயில் நோம்பிக்கு ஒரு பங்காளி கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால், கிடா வெட்டினாலும் பந்தி நடந்தாலும் பெரியவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு 2017 அப்படித்தான் இருந்தது. நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது, முடியத்தான் இல்லை.

அதனால் 2025 நிகழ்ச்சியில் நால்வரும் சேர்கிறார்கள் என்று அறிவித்ததும் மற்ற விவரங்கள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கிதார் கலைஞர் டாம் மொரெல்லோ பொறுப்பெடுத்து ஒருங்கிணைத்தார். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர், டூல், பாண்டேரா என்று பெரிய ராக் குழுக்கள் எல்லாம் அவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். கிடைக்கிற வருமானம் ஓஸிக்கு இருந்த பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய்க்கான அமைப்புக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கிற ஹாஸ்பிஸுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் நால்வருக்கும் அந்த நகரம் தன் உயரிய கௌரவத்தைக் கொடுத்தது. எல்லாம் நல்லதுதான். எனக்கு வேண்டியதெல்லாம் பில் வார்டு அந்த டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நால்வரும் ஒரே மேடையில் வாசித்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

சங்கு

நேரில் போகிற வசதி எனக்கு இல்லை. பணம் கட்டி நேரலையில் பார்த்தேன். அங்கே மத்தியானம் தொடங்கிய நிகழ்ச்சியை இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் ஒளிபரப்பினார்கள் என்பதால், சபாத் மேடைக்கு வரும்போது நமக்கு விடிகாலை ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். முதலில் ஓஸி தன் தனிப் பாடல்களைப் பாடினார். மேடைக்குக் கீழேயிருந்து கறுப்புச் சிம்மாசனம் மேலே வந்தது, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணை உருட்டினார், கைதட்டினார், கூட்டத்தைக் கத்தச் சொன்னார். ஆறு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், இப்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்றார். வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றிய அந்த மெதுவான பாட்டில்தான் குரல் உடைந்தது. என் நண்பன் பார்க்க முடியவில்லை என்று சொன்னது அந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். உடைந்த இடத்தைக் கூட்டம் எடுத்துக்கொண்டு பாடியது. 40,000 பேருக்கு மேல்.

அப்புறம் சபாத். 'வார் பிக்ஸ்' பாட்டுக்கு முன்னால் வரும் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. சத்தத்தைக் கூட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் உள் ரூம் கதவு திறந்தது. என் தாய்மாமா. அத்தை போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். வேட்டியைக் கையில் பிடித்தபடி ஹாலுக்கு வந்து நின்றார்.

"என்ன மாப்ள, சங்கு ஊதுது?"

மில் சங்கு கேட்டு எழுந்து, மில் சங்கு கேட்டுத் தூங்கிய ஆள். பகல் ஷிப்ட், அரைநைட், முழுநைட் என்று மாறி மாறிப் போனவர். சங்கு நின்று பல வருஷம் ஆன பிறகும் உடம்பு மறக்கவில்லை.

"பாட்டுங்க மாமா. நீங்க போய்ப் படுங்க, சத்தத்தக் கொறச்சுக்கறேன்."

அவர் போகவில்லை. திரையைப் பார்த்தார். "ஆரு அது, சிம்மாசனத்துல?"

"பாடறவருங்க. நடுக்குவாதம். நிக்க முடியாதுங்க."

"அப்பறம் எதுக்கு வந்தாராம்?"

"கடைசியா ஒருக்கா பாடிட்டுப் போலாம்னுங்க."

சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இந்த இசையை மாமா ரசித்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் பார்த்தது வேறு. கேமரா அயோமியின் வலது கைக்கு நெருங்கிப் போனது. கறுப்பு உடையில், அலட்டல் இல்லாமல், அந்தக் கை மட்டும் கம்பி மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "வெரல்ல என்னமோ மாட்டியிருக்கறான்" என்றார். நான் சொன்னேன். 17 வயசு, வேலையில் கடைசி நாள், அம்மா திருப்பி அனுப்பியது, எல்லாம். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கையைக் காக்கிற தடுப்பைப் பற்றி.

"கார்டு இல்லாத பிரஸ்ஸா?"

மாமாவுக்கும் வலது கையில் இரண்டு விரல்நுனி கிடையாது. மில்லுக்குப் போவதற்கு முன்னால், இருபது வயதுக்குள், ஒரு ஸ்டாம்பிங் பட்டறையில் போனது. அதற்கப்புறம்தான் மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினைப் பார்த்துக்கொள்கிற சைடர் ஆனார். அந்த வேலையே விரலில்தான் இருக்கிறது. இழை அறுந்தால், சுற்றுகிற ஸ்பிண்டிலை நிறுத்தி, நூல் சுற்றுகிற பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற சின்ன வளையத்துக்குள் மாட்டி, மேலே ரோலருக்கு அடியில் வரும் பஞ்சோடு சேர்த்து விட வேண்டும். கண் சிமிட்டுகிற நேரம். பழகியவர் செய்தால் என்ன செய்தார் என்றே தெரியாது. வலது கையால் முடியாமல், மாமா எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிப் பழகியிருக்கிறார். முதல் மாதம் முழுக்க மேஸ்திரி திட்டினாராம். அந்த விடிகாலையில் சோபாவில் உட்கார்ந்து, இல்லாத இழையை இல்லாத டிராவலரில் மாட்டி எனக்குக் காட்டினார். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. திரையில் 'அயர்ன் மேன்' ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையிலேயே அதிகம் கேட்ட பாட்டு. நான் மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பில் வார்டைக் கேட்டார். "சட்டையில்லாம வேர்க்க வேர்க்க அடிக்கறானே, அந்தாளுக்கு என்ன வயசு?"

"உங்க வயசுதானுங்க. எழுபத்தேழு."

2017இல் அவரை விட்டுவிட்டு முடித்த கதையையும் சொன்னேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "கூட வேலை செஞ்சவன் இல்லாம முடிச்சா அது எப்புடி முடிச்சதாகும்?" என்றார். எட்டு வருஷமாக நான் யாரிடமும் சரியாகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை, அந்தக் குழுவின் பெயரே தெரியாதவர் சொன்னார்.

நாலே பாட்டு. 'பாரனாய்ட்' முடிந்ததும் பேஸ் கிதார் வாசிக்கிற கீசர் பட்லர் ஒரு கேக்கைக் கொண்டுவந்து ஓஸியிடம் கொடுத்தார், வாணவேடிக்கை விட்டார்கள். மாமா எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தன்னுடைய கடைசி நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மில் மூடிய கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை அரைநைட் முடித்துவிட்டு வந்தவர், வார லீவு கழிந்து டிபன் கேரியரோடு போனபோது கேட் பூட்டியிருந்தது. நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செட்டில்மென்ட் பணம் வருஷக் கணக்கில் இழுத்து, துண்டு துண்டாக வந்தது. பணத்தைப் பற்றித்தான் வீட்டில் எப்போதும் பேசியிருக்கிறோம். அந்தக் காலையில் மாமா பணத்தைப் பேசவில்லை. "அன்னைக்குத்தான் கடைசின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மிசின ஒருக்கா சுத்தமாத் தொடச்சு வெச்சுட்டு வந்திருப்பேன்" என்றார். லாக்கரில் இருந்த செருப்பும், நூல் அறுக்கிற சின்னக் கத்தியும் உள்ளேயே போய்விட்டன. கூட வேலை செய்தவர்களிடம் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. சிலரை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. சிலரை எழவு வீட்டில் பார்த்திருக்கிறார், அவர்கள் படுத்திருக்க, இவர் மாலை போட.

நண்பனுக்கு

அந்த வரிக்கு என் பதில் இதுதான். நீ ஓஸியைப் பார்க்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தாய். பார்க்கிறவனுக்குக் கஷ்டமாக இருந்ததா என்பதை வைத்து அது சரியா தப்பா என்று சொல்லிவிட முடியாது. அது அவருடைய கடைசி நாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலையை, அது தொடங்கிய தெருவுக்குப் பக்கத்தில், கூடத் தொடங்கிய மூன்று பேரோடு, தெரிந்தே முடிக்கிறார். குரல் உடைந்தால் உடையட்டும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்துகொள்ளட்டும். நல்லா இருக்கும்போதே நிறுத்தியிருக்கலாம் என்று சொல்வது சுலபம். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் அது கடைசி நாள் என்று யாருக்குத் தெரியும்? நோயாளியைக் காட்சிப் பொருளாக்குவது வேறு, ஒருவர் நோயோடு வந்து தன் வேலையை முடிப்பது வேறு. அன்று நான் பார்த்தது இரண்டாவது. 17 நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். அந்த மேடை நடக்காமல் போயிருந்தால், பர்மிங்காம் தெருக்களில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் அப்போதும் வந்திருக்கும். ஆனால் அவர்கள் சொன்ன நன்றியை அவர் காதால் கேட்டிருக்க மாட்டார்.

நம் பக்கம் இதில் நாம் பெரிய தவறு செய்கிறோம் என்று நினைக்கிறேன். எழவுக்குப் போகாமல் இருக்க மாட்டோம். ரெண்டு தாலுகா தாண்டிப் போய், எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். வாத்தியார், கவர்மென்ட் ஆபீசர் ரிட்டையர் ஆனால் மாலை, பிளக்ஸ், வண்டியில் வீடு வரை கொண்டுவிடுவது எல்லாம் உண்டு, அதுவும் நல்லதுதான். ஆனால் நாற்பது வருஷம் லேத்தில் நின்றவருக்கு? மோல்டிங்கில் வெந்தவருக்கு? ஆயுத பூஜைப் பொரிதான். ஒரு நாள் வருவதை நிறுத்திவிடுவார், அவருடைய இடத்தில் இன்னொரு பையன் நிற்பான். இந்த ஊர் முழுக்க இப்படி முடிக்காமல் வெளியே வந்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பு முடியவில்லை, பழைய மாதிரி கை ஓடாது என்பதெல்லாம் அவர்களைக் கூப்பிடாமல் இருக்கக் காரணமே இல்லை.

ஓஸி இறந்த செய்தியை மாமாவிடம் சொன்னபோது, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சட்டை போடாதவன் நல்லாருக்கானா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன். அடுத்த வாரம் ஒரு பழைய டைரியைத் தேடி எடுத்தார். ரிங் பிரேம் டிபார்ட்மென்ட்டில் கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் போனில் ஏற்றிக்கொண்டேன். சிலருடைய நம்பர் கிடைத்தது, சிலருடைய மகன்களின் நம்பர் கிடைத்தது. இருகூர், சூலூர், ஒண்டிப்புதூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எல்லோரையும் ஒரு நாள் கூட்டுவது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் இழுபறி. மண்டபம் பிடித்துவிடலாம், ஃபேன் இருக்கும், வயசானவர்கள் உட்கார வசதி என்கிறார்கள் மற்றவர்கள். மில் கேட்டுக்கு முன்னாலதான் கூட வேண்டும், ஷாமியானா போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாமா. நான் மாமா பக்கம். அந்த இடத்தில் ஷாமியானா போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.